அயலவனின் உரிமை

கடந்த நோன்பில் ஒருநாள் அஸர் தொழுகைக்குக் காலிக் கோட்டைக்குள் இருக்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தேன். வெளிச்சவீட்டுக்கு எதிரே, தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் தேவாலயம் என்று நினைத்துவிடும் அந்த வெள்ளைக் கட்டடம் 1904இல் எழுந்தது. என் சிறு வயதில் நோன்புக் கஞ்சிக்குக் கோப்பையும் கையுமாக நாங்கள் வரிசையில் நின்ற இடம். அன்றைக்கு வரிசை இருக்கவில்லை. கஞ்சி இருந்தது. பள்ளிக்கு வெளியே ஆட்டோக்களை நிறுத்திவிட்டு வந்தவர்களும் கடைகளில் வேலை செய்யும் பொடியன்மாரும் வாளிகளில் வாங்கிப் போனார்கள். கோட்டைக்குள் வீடு இருந்து, வீட்டிலிருந்து கோப்பை கொண்டுவந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம்.

தொழுதுவிட்டு நான் பிறந்த வீட்டுத் தெருவால் நடந்தேன். வீடு இருக்கிறது. முன்பைவிட அழகாக இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாசலில் நின்ற சிங்கள இளைஞன் மரியாதையாக, பதிவு செய்திருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டான். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். ஒரு தட்டில் குளிர்பானமும் விலை அட்டையும் கொண்டு வந்தான். நோன்பு என்று சொல்லிக் குளிர்பானத்தைத் திருப்பி அனுப்பினேன். விலை அட்டையைப் பார்த்தேன். உம்மா எங்கள் ஐந்து பேரையும் பெற்ற அறைக்கு ஓர் இரவுக்கான கட்டணம் டொலரில் போட்டிருந்தது.

இந்த வீட்டை எங்களிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. நாங்கள்தான் விற்றோம். உறுதியில் என்னுடைய கையெழுத்தும் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையை முறைப்பாடாக எழுத எனக்கு உரிமை இல்லை. என்னை இருபது வருடங்களுக்கு மேலாக அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை வாசகர்களின் முன் வைக்கவே விரும்புகிறேன். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் ஹலாலாக நடந்து, இரு தரப்பும் மனம் பொருந்திக் கையொப்பமிட்டு, ஒரு சதமும் ஏமாற்றப்படாமல், கடைசியில் ஓர் ஊர் இல்லாமல் போய்விட்டால், அங்கே அநீதி நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் செய்தவர் யார்?

முதலில் எங்களைப் பற்றிய ஒரு சங்கடமான உண்மை. கோட்டை எங்கள் பூர்வீகச் சொத்தல்ல. 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து அதைப் பிடித்த ஒல்லாந்தர் கட்டிய தெருக்கள் அவை. ஒல்லாந்தரின் சட்டம் எங்களை எப்படி நடத்தியது என்பதற்குக் கொழும்பு சாட்சி. கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடோ காணியோ வைத்திருக்கக் கூடாது என்றிருந்த தடை, ஆங்கிலேயர் வந்து வெகுகாலத்துக்குப் பின் 1832இல்தான் நீங்கியது. காலிக் கோட்டையில் எங்கள் ஆட்கள் வியாபாரிகளாக, மாணிக்கக் கல் தொழில் செய்வோராக மெல்ல மெல்ல வேரூன்றினார்கள். 1892இல் பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அறபுக் கல்லூரி அங்கே தொடங்கப்பட்டது. 1956க்குப் பிறகு பறங்கியர் குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போகத் தொடங்கியபோது அவர்களுடைய வீடுகள் பலவற்றை எங்கள் ஆட்கள் வாங்கினார்கள். என் வாப்பாவின் வாப்பாவும் அப்படித்தான் வாங்கினார். போகிற அவசரத்தில் விற்றவர்களிடம் வாங்கியதால் விலை மலிவாகத்தான் இருந்திருக்கும். ஆகவே, ஒருவர் போவதும் இன்னொருவர் வருவதும் புதுமையல்ல. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. வாங்கிய நாங்கள் அங்கே குடியிருந்தோம்.

1988இல் யுனெஸ்கோ காலிக் கோட்டையை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. அன்று நாங்கள் பெருமைப்பட்டோம். ஓட்டை மாற்றுவதற்கும் யன்னலைப் பெரிதாக்குவதற்கும் அனுமதி எடுக்க வேண்டும், சீமெந்துக்குப் பதில் சுண்ணாம்பு பூச வேண்டும் என்று வந்தபோது பெருமை கொஞ்சம் குறைந்தது. பழைய முறையில் கூரை வேய்வது சாதாரணச் சம்பளக்காரனுக்குக் கட்டுபடியாகும் காரியமல்ல. புதிய முறையில் வேய்வதற்கு அனுமதி இல்லை. ஆகவே மழைக்கு வாளி வைத்துக்கொண்டு இருந்தோம். சட்டம் சுவரைப் பாதுகாத்தது. சுவருக்குள் இருந்தவர்களைப் பாதுகாக்கும் எண்ணம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பின்னர் 2002 வந்தது. பெப்ரவரியில் யுத்த நிறுத்த ஒப்பந்தம். அதே வருடம், வெளிநாட்டவர் காணி வாங்கினால் காணியின் பெறுமதிக்குச் சமமாக, அதாவது நூறு வீதம், செலுத்த வேண்டியிருந்த வரி நீக்கப்பட்டது. 1963இல் நிதிச் சட்டம் கொண்டுவந்த வரி அது. 2004 இறுதியில் வரவு செலவுத் திட்டத்தில் அதை மீண்டும் போட்டார்கள். நடுவிலிருந்த அந்த இரண்டு வருடங்களுக்குள் கோட்டையில் தரகர்கள் கதவு தட்டாத வீடில்லை. உறவுக்காரர்களே தரகர்களானார்கள். எங்கள் வீடு 2003இல் போனது.

ஏன் விற்றோம் என்பதை விளக்க வேண்டும். பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது இலகு, ஆனால் அது உண்மையல்ல. வாப்பா மௌத்தானபோது உம்மா உயிரோடு இல்லை. ஆண்கள் மூவர், பெண்கள் இருவர். பராயிள் கணக்கில் வீடு எட்டுப் பங்கு. ஆண்களுக்கு இவ்விரண்டு, பெண்களுக்கு ஒவ்வொன்று. வீட்டில் குடியிருந்தவள் இளைய தங்கச்சி. அவளுக்குத்தான் அந்த வீடு என்று வாப்பா வாயால் சொல்லியிருந்தார். எழுதிக் கொடுக்கவில்லை. எழுதுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்களில் எத்தனை பெண்பிள்ளைகளின் வீடுகள் இந்த ‘நாள் பார்த்தல்’ என்பதற்குள் கரைந்து போயிருக்கின்றன என்று யாராவது எழுத வேண்டும்.

பத்து வருடங்களுக்கு முன்பு என்றால், நாங்கள் நாலு பேரும் எங்கள் பங்குக்கு ஏதோ ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, அல்லது வாங்காமலே, தங்கச்சியின் பேருக்கு எழுதியிருப்போம். ஊர் வழக்கம் அதுதான். வீட்டின் விலை ஓர் ஆசிரியரின் வாழ்நாள் உழைப்புக்குள் அடங்கும் வரையில் அந்த வழக்கம் நின்று பிடித்தது. தங்கச்சியின் கணவர் ஆசிரியர். இலண்டனிலும் கொழும்பிலும் இருப்பவர்கள் தரும் விலை வந்தபோது எட்டில் ஏழு பங்கு என்பது அவர் ஓய்வு பெறும்வரை ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் எட்டாத தொகையாகிவிட்டது. மறுபுறத்தில், எங்களில் ஒருவருக்குக் கடன். இன்னொருவருக்கு மூன்று குமர்கள். விட்டுக் கொடுப்பது முன்பு ஒரு நல்ல காரியம். விலை ஏறியபின் அதையே தன் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்று மனைவிமார் சொன்னார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. எனக்குக் கடனும் இல்லை, குமரும் இல்லை. இருந்தும் நான் கையொப்பமிட்டேன். நான் ஒருவன் மறுத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உல்லாசப் பயணத்துறையால் வீட்டு விலை ஏறுகிறது என்று பொருளியலாளர்கள் சொல்லும்போது, வெளியிலிருந்து காசோடு வருபவனையும் உள்ளே காசில்லாமல் இருப்பவனையும்தான் காட்டுவார்கள். நான் கண்ட விதம் வேறு. விலை முதலில் குடும்பத்துக்குள் நுழைந்தது. சகோதரன் சகோதரிக்குச் செய்யக்கூடிய உபகாரத்தின் செலவை அது பன்மடங்காக்கியது. நல்லவனாக இருப்பதற்கு ஒரு விலை உண்டென்றால், அந்த விலையும் சேர்ந்தே ஏறியது.

எங்களுடைய மார்க்க நூல்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்று தேடியபோதுதான் அபூ ராபிஃ (ரலி) அவர்களின் சம்பவம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அவர் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அடிமை. ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளவுக்குள் அவருக்கு இரண்டு வீடுகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு ஸஅதிடம் கேட்கிறார். ஸஅத் மறுக்கிறார். பக்கத்திலிருந்தவர் வற்புறுத்த, நாலாயிரம் திர்ஹம்தான் தருவேன், அதுவும் தவணை முறையில் என்கிறார். அபூ ராபிஃ சொல்கிறார்: வேறொருவர் இதற்கு ஐந்நூறு தீனார் தரத் தயாராக இருக்கிறார், நெருக்கத்தின் காரணமாக அயலவனுக்கே உரிமை அதிகம் என்று நபியவர்கள் சொன்னதைக் கேட்டிராவிட்டால் உமக்குத் தந்திருக்க மாட்டேன். அப்படிச் சொல்லிவிட்டு நாலாயிரத்துக்கே கொடுத்துவிடுகிறார். ஒரு தீனாருக்குப் பத்து திர்ஹம் என்று கணக்கிட்டால் ஆயிரம் திர்ஹம் நட்டம். அதுவும் கைக்காசை விட்டுவிட்டுத் தவணைக்கு.

இந்த அறிவிப்போடு தொடர்புடையதுதான் பிக்ஹு நூல்களில் ‘ஷுப்ஆ’ என்ற அத்தியாயம். ஒருவர் தன் சொத்தை வெளியாளுக்கு விற்றால், அதே விலையைக் கொடுத்து அதைத் தானே எடுத்துக்கொள்ள உரிமை உள்ளவர் யார் என்பதே அங்கு விவாதம். ஹனபி மத்ஹபில் பங்காளிக்கு மட்டுமன்றி அயலவனுக்கும் அந்த உரிமை உண்டு. எங்களுடைய ஷாபிஈ மத்ஹபில் பங்காளிக்கு மட்டுமே. எல்லை பிரித்துப் பாதை போட்டபின் அயலவனுக்கு உரிமை இல்லை. ஆகவே சட்டப்படி நான் தப்பினேன் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால், என் தங்கச்சி அயலவள் மட்டுமல்ல, பங்காளி. ஷாபிஈ மத்ஹபின்படியும் அவளுக்கு ஷுப்ஆ இருந்தது. அதே விலையைக் கொடுத்தால்! அங்கேதான் சட்டம் அவளைக் கைவிடுகிறது. உரிமை இருக்கிறது, காசு இல்லை. அபூ ராபிஃ அந்த இடத்தில் சட்டத்தில் நிற்கவில்லை. ஸஅத் கொடுக்கக்கூடிய விலைக்கு இறங்கி வந்தார். எந்தக் காழியும் அவரைக் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது.

இதை ஒரு ஜும்ஆப் பிரசங்கத்துக்கு ஏற்ற முன்மாதிரியாகச் சொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. அவர் விட்டுக் கொடுத்தது ஐந்தில் ஒரு பங்கு. கோட்டையில் ஊரவன் கொடுக்கக்கூடிய விலைக்கும் வெளியாள் கொடுக்கும் விலைக்கும் இடையிலான தூரம் ஐந்தில் ஒன்றல்ல, பல மடங்கு. இழப்பு பெருகும்போது கடமையும் அதே அளவில் நீடிக்கிறதா, அல்லது ஓர் எல்லைக்குப் பின் அது கடமையாக இல்லாமல் ஆகி, பெருந்தன்மை உள்ளவர்களின் விருப்பமாக மாறிவிடுகிறதா? இதில் எனக்குத் தெளிவான பதில் இல்லை. மூன்று குமர்களை வைத்திருந்த என் சகோதரனிடம் நீ அபூ ராபிஃ ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், எனக்கு நானே சொல்லியிருக்கலாம். கடமை என்பது எல்லார் மீதும் ஒரே பாரமாக இறங்குவதில்லை. இல்லாதவன் விற்பதும் இருப்பவன் விற்பதும் உறுதியில் ஒரே மாதிரித்தான் எழுதப்படும், மறுமையின் ஏட்டில் அப்படி இருக்குமா என்பது சந்தேகம்.

இன்னொரு ஹதீஸும் இங்கே நினைவுக்கு வருகிறது. சந்தைக்குச் சரக்குக் கொண்டுவரும் வணிகக் கூட்டத்தை வழியில் போய் மறித்து, சந்தை விலை தெரியாத நிலையில் அவர்களிடம் வாங்குவது தடுக்கப்பட்டிருக்கிறது. 2003இல் எங்களுக்குச் சந்தை விலை என்ன என்றே தெரியாது. கிடைத்தது பெரிய தொகை என்றுதான் நினைத்தோம். சில வருடங்களில் அதே வீடு கைமாறிய விலையைக் கேட்டபோது, நாங்கள் வழியில் மறிக்கப்பட்ட கூட்டம் என்று புரிந்தது. மறித்தவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள் என்பதைத் திரும்பவும் எழுதக் கை கூசுகிறது.

சரி, வருகிறவனுக்கு உரிமை ஒன்றும் இல்லையா? இருக்கிறது என்றுதான் எங்கள் மரபு சொல்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வி சிக்கலாகிறது. மஸ்ஜிதுல் ஹராமில் உள்ளூர்வாசியும் வெளியிலிருந்து வருபவரும் சமம் என்று ஸூறத்துல் ஹஜ்ஜில் வருகிறது. ஹாஜிகள் விரும்பிய இடத்தில் தங்குவதற்காக மக்காவாசிகள் வீடுகளுக்குக் கதவு போட வேண்டாம் என்று உமர் (ரலி) தடுத்ததாக அறிவிப்பு உண்டு. ஹஜ் காலத்தில் மக்காவின் வீடுகளை வாடகைக்கு விடுவதை இமாம் அபூ ஹனீபா (ரஹ்) வெறுத்தார்கள். இமாம் ஷாபிஈ (ரஹ்) அனுமதித்தார்கள். இஸ்ஹாக் பின் ராஹவைஹி அவர்களுக்கும் இமாம் ஷாபிஈக்கும் இடையில் இதைப் பற்றி ஒரு விவாதமே நடந்திருக்கிறது. அல்குர்ஆன் மக்காவின் இல்லங்களை முஹாஜிர்களுடையவை என்றே குறிப்பிடுவதையும், உமர் (ரலி) அங்கே விலை கொடுத்து ஒரு வீடு வாங்கியதையும் ஷாபிஈ எடுத்துக் காட்டினார்கள். வீடு உரியவனுக்கே சொந்தம் என்பது அவர்களின் வாதம். இரு பக்கத்திலும் இருந்தவர்கள் சாதாரணமானவர்களல்லர்.

அந்த விவாதத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒன்றை நான் கவனிக்கிறேன். வருகிறவர் ஏழையாகவும் இருக்கலாம் என்பதே அது. கதவில்லாத வீடு ஏழை ஹாஜிக்காகத்தான். 2002இல் அஜ்யாத் கோட்டையை இடித்து, அந்த இடத்தில் 2012இல் கட்டி முடித்த 601 மீற்றர் உயரமான மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழ், கஃபாவைப் பார்த்த அறைக்கும் பார்க்காத அறைக்கும் வெவ்வேறு விலை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து காலியைப் பற்றி நான் யாரிடம் குறை சொல்வது? இங்கே வெள்ளைக்காரன், அங்கே நாங்களே. காசுள்ள விருந்தாளிக்காகக் கட்டும்போது காசில்லாத விருந்தாளியும் காசில்லாத உள்ளூர்வாசியும் ஒரே நேரத்தில் வெளியே போகிறார்கள். உமரின் கதவில்லாத வீட்டில் அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தார்கள்.

வெளிநாட்டவன் மீது பழி போடுவது போதாது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், 2013 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து செல்லுபடியாகும் விதத்தில், வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடை செய்தது. 99 வருடக் குத்தகை மட்டும் திறந்திருந்தது. அதனால் கோட்டையின் வீடுகள் ஊரவருக்குத் திரும்பி வந்தனவா? இல்லை. பெரிய நிறுவனங்களும் கொழும்புப் பணக்காரர்களும் வந்தார்கள். அவர்களில் தொப்பி போட்டவர்களும் இருந்தார்கள். 2009இல் நாலரை இலட்சத்துக்குள் இருந்த உல்லாசப் பிரயாணிகளின் வருகை 2018இல் 23 இலட்சமானது. ஈஸ்டர் தாக்குதலும் கொரோனாவும் வந்து, 2021இல் இரண்டு இலட்சம்கூட இல்லை. அந்தக் காலத்தில் கோட்டைத் தெருக்களில் நடந்திருக்கிறேன். வீடுகள் நிறைய, ஆட்கள் இல்லை. பூட்டிய கதவுகள். வாடகைக்கு வீடில்லாமல் அலையும் குடும்பங்கள் மதிலுக்கு வெளியே. 2022இல் டொலர் இருநூறு சொச்சத்திலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனபோது, டொலரில் விலை சொல்லும் வீட்டுக்கும் ரூபாயில் சம்பளம் எடுக்கும் மனிதனுக்கும் இடையில் இருந்த கடைசி நூலும் அறுந்தது. 2024இல் வருகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. நல்ல செய்திதான். என் மருமக்கள் இருவர் அந்தத் தொழிலில்தான் சாப்பிடுகிறார்கள். தங்கள் தாய் வாழ்ந்த தெருவுக்குத் தினமும் பஸ் ஏறி வேலைக்கு வருகிறார்கள்.

தங்கச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். தன் எட்டில் ஒரு பங்கோடு மதிலுக்கு வெளியே, கடலுக்குக் கிட்டிய ஒரு வாடகை வீட்டுக்குப் போனாள். அந்தப் பங்கு ஒரு காணித்துண்டுக்குப் போதும், வீட்டுக்குப் போதாது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கோட்டையின் மதில்கள் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றின. அவள் வெளியே இருந்தாள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமான்கள் எல்லாம் போயின. அதை ஒருநாளும் அவள் எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. ஒரேயொரு முறை, பெருநாளைக்குப் போயிருந்தபோது, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்: “நாநா, அந்தக் கிணத்த மூடிட்டாங்களா?” மூடிவிட்டார்கள். நீச்சல் தடாகம் கட்டியிருக்கிறார்கள். இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

அன்று அஸருக்குப் பின் பழைய அயலவரான ஹாஜியாரின் வீட்டுக்கும் போனேன். எங்கள் தெருவில் இன்னும் விற்காமல் இருக்கும் ஒரு சில வீடுகளில் அது ஒன்று. எண்பது கடந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். விற்கச் சொல்லி அரிக்கிறார்கள். இரவில் மாடியில் பாட்டு, காலையில் வாசலில் வேன், பக்கத்தில் தேங்காய் வாங்கக் கடை இல்லை. “மகன், நான் விக்கிறதா, வேணாமா? ஒரு வார்த்தை செல்லு” என்றார்.

நான் அபூ ராபிஃ அவர்களின் சம்பவத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஐந்நூறு தீனாருக்கு எத்தனை திர்ஹம் என்று கணக்குக் கேட்டார். பழைய வியாபாரி. பிறகு சொன்னார்: “அவருக்கு வாங்க ஒரு ஸஅத் பக்கத்தில இருந்தாரே. நான் விலையக் கொறச்சுக் குடுக்கிறன். நீ ஆளக் கொண்டு வா.”

யாரைக் கொண்டு வருவது? நல்ல வசதியோடு இருந்த எங்கள் ஆட்கள் இருபது வருடங்களுக்கு முன் ஒன்றுசேர்ந்து, நாலைந்து வீடுகளையாவது வாங்கி, விற்கவும் வாரிசாக்கவும் முடியாத வக்பாக எழுதி, பள்ளி வாடகைக்கு ஊர்க் குடும்பங்களை வைத்திருக்கலாம். கைபரில் தனக்குக் கிடைத்த காணியை உமர் (ரலி) அப்படித்தான் செய்தார்கள். இந்த நாட்டில் அதற்கு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டமும் இருக்கிறது. யாருக்கும் அந்த எண்ணம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. என் பங்குக் காசில் நான் கொழும்பில் ஒரு மாடி வீடு வாங்கினேன். அதன் கீழ்த்தட்டை இப்போது கிழமைக் கணக்கில் உல்லாசப் பிரயாணிகளுக்கு விடும்படி மகன் சொல்கிறான். அங்கே ஆறு வருடமாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது.

ஹாஜியாரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நோன்பு திறக்க இருந்துவிட்டுப் போகச் சொன்னார். பள்ளியிலிருந்து கஞ்சி வந்திருந்தது. இருவருமாகக் குடித்தோம்.